கம்ப்யூட்டர் வாங்குமுன் கணக்குப் போடுங்கள்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட பொருளாதார விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

பில், சரக்கு இருப்பு, பாக்கி, வரிக் கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் கம்ப்யூட்டர் முறை நம் கடைகளுக்குத் தேவையா என்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டு வந்திருப்பீர்கள். இளைஞர்களுடைய முடிவு "வேண்டும்". பெரியவர்களுடைய முடிவு "வேண்டாம்". அத்தாவுக்கும் மகனுக்கும் இடையே இந்த ஒரு விஷயத்தில் எத்தனையோ கடைகளில் மனத்தாங்கல் நடந்துகொண்டிருப்பது எனக்குத் தெரியும்.

நான் இரண்டு கட்சியிலும் சேரப் போவதில்லை. ஒரு மூட்டை மிளகாய் வாங்குவதென்றால்கூட நாலு இடத்தில் விலை கேட்கிறோம். கையை விட்டுக் கிளறிப் பார்க்கிறோம். வண்டி வாடகை, கூலி, சேதாரம் எல்லாம் போக என்ன நிற்கும் என்று மனதிற்குள் கணக்குப் போடுகிறோம். அப்படிப்பட்ட நாம், லட்ச ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர் முறை வாங்கும்போது மட்டும் ஏன் கணக்கே போடுவதில்லை? வேண்டும் என்பவரும் போடுவதில்லை. வேண்டாம் என்பவரும் போடுவதில்லை. இதுதான் என் கேள்வி.

என் குடும்பத்தில் நடந்தது

முதலில் என் சொந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஜவுளிக் கடை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து ஒரு மென்பொருளைக் காட்டினார். பட்டனைத் தட்டினால் எந்தக் கலர், எந்த அளவு, எத்தனை உருப்படி இருக்கிறது என்று திரையில் வந்தது. பார்த்தவுடன் மயங்கினோம். அன்றே முன்பணம் கொடுத்தோம். "தம்பி, இதையெல்லாம் உள்ளே ஏற்றுவது யார்?" என்று என் பெரியத்தா மட்டும் கேட்டார். பழங்காலத்து மனிதர் என்று நாங்கள் சிரித்தோம்.

கடையில் நாலாயிரத்துக்கு மேல் உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் பெயர், விலை, அளவு, வரி விகிதம் ஏற்ற வேண்டும். பெருநாள் வியாபாரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பையன்கள் கொஞ்சம் ஏற்றினார்கள், கொஞ்சம் விட்டார்கள். அவசரத்தில் ஒரு சேலையின் எண்ணை இன்னொரு சேலைக்குத் தட்டினார்கள். மூன்று மாதத்தில் திரையில் இருந்த இருப்புக்கும் அலமாரியில் இருந்த இருப்புக்கும் சம்பந்தமே இல்லாமல் போனது. பிறகு அந்த முறை வெறும் பில் அடிக்கும் எந்திரமாக நின்றுவிட்டது. விற்றவர் ஏமாற்றவில்லை. அவர் சொன்னதெல்லாம் அந்த மென்பொருள் செய்யக்கூடியதுதான். ஆனால் எங்களால் செய்ய முடியுமா என்று நாங்கள் பார்க்கவில்லை. பெரியத்தா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி!

லண்டனில் நடந்தது

இப்படி ஏமாறுவது நம் கடைத்தெருவில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். உலகத்தின் பெரிய நகரங்களில் ஒன்றான லண்டனில் 1992-ல் நடந்ததைக் கேளுங்கள்.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவைக்கு ஒரு நாளைக்கு 2,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள் வரும். அதுவரை காகிதத்தில் எழுதி, கையால் பிரித்து வண்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இதைக் கம்ப்யூட்டர் மூலம் செய்ய முதலில் ஒரு திட்டம் போட்டார்கள். 75 லட்சம் பவுண்ட் செலவான பிறகு 1990-ல் அதைக் கைவிட்டார்கள். இரண்டாவது முறை தொடங்குமுன் ஆலோசகர்களிடம் அறிக்கை கேட்டார்கள். நல்ல காரியம்தான். ஏற்கெனவே தயாராக இருக்கும் மென்பொருள் கிடைத்தால் 15 லட்சம் பவுண்டும் 19 மாதமும் ஆகும், கிடைக்காவிட்டால் பணம், காலம் இரண்டுமே கணிசமாகக் கூடும் என்று அறிக்கை சொன்னது.

அவர்கள் என்ன செய்தார்கள்? தயார் மென்பொருளை எடுக்கவில்லை. புதிதாக எழுதச் சொன்னார்கள். அப்படியானால் பணமும் காலமும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? குறைந்தது! 1991-ன் நடுவில் கொடுத்த ஒப்பந்தத்தின் மதிப்பு ஏறத்தாழ 9,37,000 பவுண்ட். 1992 ஜனவரிக்குள் முழுவதையும் முடிக்க வேண்டும் என்பது கெடு. அடுத்து வந்த விலையைவிட இது சுமார் 7 லட்சம் பவுண்ட் குறைவு. அதிலும் மென்பொருள் எழுதுவதற்கென்று குறித்திருந்தது 35,000 பவுண்ட் மட்டுமே. நம் கடைத்தெருவில் ஒருவன் மற்ற எல்லோரையும்விடப் பாதி விலைக்குச் சரக்குக் கொடுக்கிறேன் என்று வந்தால், "சரக்கில் ஏதோ கோளாறு" என்று நாம் ஒதுங்குவோம். அங்கே குறைந்த விலை என்பதே தகுதியாகிவிட்டது.

1992 அக்டோபர் 26 அன்று அந்த முறை முழு அளவில் ஓடத் தொடங்கியது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். தகவல் பிசகியது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. வேறு இடங்களில் நோயாளிகள் வண்டிக்காகக் காத்துக் கிடந்தார்கள். வண்டி வராததால் மக்கள் திரும்பத் திரும்ப அழைத்தார்கள். அழைப்புகள் குவியக் குவிய இயந்திரம் மேலும் திணறியது. மறுநாளே பாதியைக் கைவேலைக்கு மாற்றினார்கள். நவம்பர் 4-ஆம் தேதி அதிகாலையில் முழுவதுமாக நின்றுபோனது. நிரல் எழுதிய ஒருவர் சில வாரங்களுக்கு முன் மறதியாக விட்டுவைத்த ஒரு சிறு துண்டு, ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வந்திருக்கிறது.

நடந்ததை ஆராய்ந்த குழு 1993 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. அவசரமான கெடு, போதாத பயிற்சி, முழுமையாகச் சோதிக்காதது, வண்டி ஓட்டுபவர்களையும் அழைப்பு எடுப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளாதது என்று குறைகள் வரிசையாக வெளிவந்தன. அதே லண்டனில் 1996-ல் எளிமையான வேறொரு முறை வந்தது. ஊழியர்களைக் கேட்டு, ஒவ்வொரு படியாக வைத்தார்கள். அது நின்றது. ஊரும் அதே ஊர், வேலையும் அதே வேலை. போட்ட கணக்குத்தான் வேறு!

நம் நாட்டின் நல்ல உதாரணம்

நம் நாட்டு ரயில்வே முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கவுண்டர், ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு பெரிய நோட்டு. வரிசை மாறி நின்றால் அன்றைய பொழுது போயிற்று. ரயில்வே என்ன செய்தது? நாடு முழுவதும் ஒரே நாளில் கம்ப்யூட்டர் வைத்ததா? இல்லை. 1980-களின் நடுவில் புதுடில்லியில் முதலில் வைத்துப் பார்த்தது. பிறகு மற்றப் பெருநகரங்கள். அந்த மையங்களையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்து முடித்தது 1999-ல். வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கும் வசதி 2002-ல் வந்தது. இவ்வளவு பெரிய ரயில்வேயே ஒரு நகரத்தில் சோதித்துவிட்டுத்தான் அடுத்த நகரத்துக்குப் போனது. நம் கடை அதைவிடப் பெரியதா?

முடியுமா? - நான்கு கேள்விகள்

ஆகவே சகோதரர்களே, விலை கேட்பதற்கு முன்னால் "நம்மால் முடியுமா?" என்று கேளுங்கள். அதை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, என்ன நோய்க்கு இந்த மருந்து? பாக்கி வசூல் ஆகவில்லையா? சரக்குக் காலாவதியாகிறதா? வரிக் கணக்கில் பிழை வருகிறதா? பில் போடும் இடத்தில் கூட்டம் நெரிகிறதா? ஒரு தாளில் எழுதுங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால் வாங்காதீர்கள். பக்கத்துக் கடைக்காரர் வைத்துவிட்டார் என்பது ஒரு காரணமே அல்ல.

இரண்டாவது, யார் செய்வது? ஒவ்வொரு கொள்முதலையும் அன்றைக்கன்றே ஏற்ற ஓர் ஆள் வேண்டும். அவர் விடுப்பில் போனால் இன்னொருவர் வேண்டும். ஒரே ஒரு மகனுக்கு மட்டும் தெரிந்த முறை, அந்த மகன் சவூதிக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போகும் நாளில் நின்றுவிடும்.

மூன்றாவது, சட்டம் என்ன கேட்கிறது? 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், பதிவு பெற்ற மற்ற வணிகர்களுக்கு விற்கும்போது 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்னணு விலைப்பட்டியல் போட வேண்டும். அவர்களுக்குக் கம்ப்யூட்டர் விருப்பமல்ல, கட்டாயம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் சரக்கு விற்றவர் தன் கணக்கில் பில்லைச் சரியாகக் காட்டவில்லையென்றால், நாம் கட்டிய வரியை நாம் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே மாதா மாதம் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி சிறிய வணிகருக்கும் பயன்படும். இன்னொன்று: கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் மென்பொருளை மாற்றினால் பழைய கணக்கைத் திறந்து பார்க்க முடியுமா? வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காவது, எப்போது தொடங்குவது? ரமலான் வியாபாரம், தீபாவளி வியாபாரம், பள்ளி திறக்கும் மாதம் இவற்றுக்கு முன்னால் எந்தப் புதிய முறையையும் தொடங்காதீர்கள். கூட்டம் குறைந்த மாதத்தில் தொடங்குங்கள்.

எவ்வளவு? - ஐந்தாண்டுக் கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். நான் சொல்லும் எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே எழுதிப் பாருங்கள்.

மூவாயிரம் உருப்படி உள்ள ஒரு பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் சொல்கிறார்: கம்ப்யூட்டர், பிரிண்டர், பார்கோடு கருவி, மின்சாரம் போனால் தாங்கும் பேட்டரி எல்லாம் சேர்த்து 80,000 ரூபாய். மென்பொருள் 25,000. ஆக 1,05,000. நாமும் "ஒரு லட்ச ரூபாய் வேலை" என்று நினைத்துக்கொள்கிறோம்.

அவர் சொல்லாததை இப்போது சேருங்கள். மூவாயிரம் உருப்படியை ஏற்ற வேண்டும். ஒருவர் ஒரு நாளைக்கு நூறு ஏற்றினால் முப்பது நாள். நாள் கூலி 600 என்றால் 18,000. பயிற்சிக்கும், நோட்டும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடும் நாட்களின் கூடுதல் கூலிக்கும் 12,000. ஆக ஆரம்பச் செலவு 1,35,000.

இனி ஆண்டுச் செலவு. மென்பொருள் புதுப்பிக்க 6,000. இணைய இணைப்பு 9,000. பில் காகிதம், மை 6,000. பழுது பார்க்க 5,000. கணக்கை நகலெடுத்து வைக்க 2,000. கணக்குப் பார்க்கும் தம்பிக்கு வேலை கூடியதால் மாதம் 1,500 சம்பள உயர்வு, அது 18,000. மொத்தம் ஆண்டுக்கு 46,000. ஐந்து ஆண்டுக்கு 2,30,000.

ஆரம்பச் செலவையும் சேர்த்தால் 3,65,000 ரூபாய்! விற்பவர் சொன்னதைப் போல ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஆண்டுக்கு 73,000. மாதத்துக்குச் சுமார் 6,100. இதுதான் உண்மையான விலை. புதுப்பிக்கும் செலவை வீண் என்றும் சொல்ல முடியாது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறினவே, அன்று கடையில் உள்ள பல பொருள்களின் வரியை ஒரே இரவில் மாற்ற வேண்டியிருந்தது. உதவிக்கு ஆள் இருந்தவர் தப்பித்தார். புதுப்பிக்காமல் விட்டவர் தடுமாறினார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மாதத் தவணை என்ற பெயரில் வட்டி நுழைந்துவிடுகிறது. "வட்டி இல்லாத் தவணை" என்பார்கள், ரொக்கத்துக்கு விலை வேறாக இருக்கும். ரொக்க விலை என்ன, தவணை முழுவதும் கட்டினால் என்ன என்று இரண்டையும் எழுதி வாங்குங்கள். வட்டியில் விழாமல், கையில் உள்ளதைக் கொண்டு சிறிதாகத் தொடங்குவதே நமக்கு நல்லது.

என்ன திரும்பி வரும்?

செலவு தெரிந்துவிட்டது. வரவு என்ன? கடந்த ஓர் ஆண்டை உட்கார்ந்து எண்ணுங்கள். காலாவதியாகிக் கொட்டிய சரக்கு 50,000. எழுத மறந்தும் கேட்க மறந்தும் போன பாக்கி 30,000. பில் சரியில்லாமல் விட்டுப்போன வரிக் கழிவு 20,000. ஆக ஆண்டு நஷ்டம் ஒரு லட்சம் என்று வையுங்கள்.

கம்ப்யூட்டர் வந்தால் இந்த ஒரு லட்சமும் மிச்சமாகுமா? ஆகாது. கம்ப்யூட்டர் நினைவூட்டும், போய் வசூலிக்காது. பாதி மிச்சமானால் பெரிய விஷயம். அதாவது 50,000. செலவோ 73,000. ஆண்டுக்கு 23,000 ரூபாய் கைநஷ்டம்!

அப்படியானால் பெரியவர்கள் சொன்னதுதான் சரியா? அவசரப்படாதீர்கள். கணக்கைக் கொஞ்சம் மாற்றிப் போடுவோம். மூவாயிரம் உருப்படியையும் ஏற்ற வேண்டாம். காலாவதியாகக்கூடியவை, விலை கூடியவை, வேகமாக ஓடுபவை என்று முந்நூறு உருப்படியை மட்டும் எடுப்போம். மூன்று நாளில் ஏற்றிவிடலாம். பார்கோடு கருவி வேண்டாம். எளிய கம்ப்யூட்டரும் சிறிய மென்பொருளும் போதும். பாக்கிக் கணக்கும் வரிக் கணக்கும் அதில் இருந்தால் சரி. ஆரம்பச் செலவு 55,000, ஆண்டுச் செலவு 20,000 என்று வைத்தால், ஐந்து ஆண்டுக்கு 1,55,000. ஆண்டுக்கு 31,000. நஷ்டம் அதிகம் வருவது அந்த முந்நூறு உருப்படியிலும் பாக்கியிலும்தான். அதனால் மிச்சம் 50,000 இல்லாவிட்டாலும் 40,000 வரலாம். இப்போது ஆண்டுக்கு 9,000 லாபம்!

பார்த்தீர்களா? கடையும் அதுதான், முதலாளியும் அவர்தான். பெரிய முறை நஷ்டம், சிறிய முறை லாபம். வேண்டுமா வேண்டாமா என்று அத்தாவும் மகனும் மோதிக்கொண்டதில் பயனே இல்லை. "எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டிருக்க வேண்டும். சிறிய முறை இரண்டு ஆண்டு ஒழுங்காக ஓடினால், பிறகு பெரிதாக்குங்கள்.

பணத்தில் எண்ண முடியாத பலன்களும் உண்டு. ஜகாத் கணக்குப் போடும் நாளில் சரக்கின் மதிப்பை உத்தேசமாகச் சொல்லாமல் தெளிவாகச் சொல்லலாம். கூட்டாளிகளுக்குள் சந்தேகம் வராது. முதலாளி மவுத்தாகிவிட்டால் யார் யாருக்குக் கடன், யார் யார் தர வேண்டும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். எழுதுவது நோட்டிலா, கம்ப்யூட்டரிலா என்பது இரண்டாவது விஷயம். ஒழுங்காக எழுதுவதே முதல் விஷயம். நோட்டில் ஒழுங்காக எழுதாதவர் கம்ப்யூட்டரிலும் எழுத மாட்டார்.

கம்ப்யூட்டர் சொன்னால் வேதவாக்கா?

கடைசியாக, எல்லாவற்றையும்விடப் பெரிய ஒரு செலவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அது எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது.

பிரிட்டனில் தபால் நிலையங்கள் பலவற்றை நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்கள்தான் ஒப்பந்தத்தில் நடத்துகிறார்கள். இந்திய, பாகிஸ்தான், பங்களாதேஷ் வம்சாவளியினரும் அவர்களில் நிறையப் பேர். 1999 முதல் அந்தத் தபால் நிலையங்களில் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறையை வைத்தார்கள். அந்த முறையில் பிழைகள் இருந்தன. கல்லாவில் பணம் சரியாக இருக்கும், திரை குறைகிறது என்று சொல்லும். சில நூறு அல்ல, ஆயிரக்கணக்கான பவுண்ட் குறைகிறது என்று சொல்லும். குறைந்ததைக் கைப்பணத்திலிருந்து கட்டச் சொன்னார்கள். வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு என்றும் பொய்க் கணக்கு என்றும் வழக்குப் போட்டார்கள். 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். 2010-ல் கர்ப்பிணியாக இருந்த ஒரு பெண்கூடச் சிறையில் அடைக்கப்பட்டார். ஊரார் திருடன் என்றார்கள். குடும்பங்கள் சிதறின.

555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த முறையில் பிழைகள் இருந்தன, கடைக்காரரின் கணக்கில் அவை பொய்யான குறைவைக் காட்டக்கூடும் என்று நீதிபதி கூறினார். 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைகளை மேல் முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 மே மாதத்தில் தனிச் சட்டமே கொண்டுவந்து மற்றவர்களின் தண்டனைகளையும் நீக்கினார்கள். இருபது ஆண்டுகள் கழித்து! போன மானத்தைச் சட்டம் திருப்பித் தருமா? போன உயிரைத் தருமா? 2025 ஜூலையில் வெளிவந்த விசாரணை அறிக்கை, இந்தக் கொடுமையால் 13 பேராவது தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருக்கலாம் என்று கூறியது.

இதை ஏன் சொல்கிறேன்? நம் கடையில் நாம்தான் நிர்வாகம். பில் போடும் இடத்தில் நிற்கும் ஏழைப் பையன்தான் அந்தத் தபால் நிலையக்காரர். நாளைக்குத் திரை "ஐயாயிரம் குறைகிறது" என்று சொல்லும். நீங்கள் அந்தப் பையனைப் பார்ப்பீர்கள். அவன் வாயடைத்து நிற்பான். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்று நீங்கள் கேட்டுவிட்டால் அவன் வாழ்க்கை முடிந்தது. சகோதரர்களே, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. ஆனால் தவறு சொல்லும்! தவறாக ஏற்றியதைத் தவறாகவே சொல்லும். சில நேரம் சரியாக ஏற்றியதையும் தவறாகச் சொல்லும்.

ஆகவே சில ஒழுங்குகளை முதல் நாளே ஏற்படுத்துங்கள். குறைந்தது இரண்டு மாதம் பழைய நோட்டையும் புதிய முறையையும் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துவந்த பிறகே நோட்டை மூடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் கொடுங்கள். ஒருவரின் சொல்லை இன்னொருவர் பயன்படுத்தினால் யார் செய்தது என்பது யாருக்கும் தெரியாது. போட்ட பில்லைத் திருத்தினாலும் அழித்தாலும் அதற்குத் தடயம் இருக்கும் மென்பொருளையே வாங்குங்கள். ஒவ்வொரு இரவும் கல்லாவை எண்ணும்போது அந்தப் பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எண்ணுங்கள். வாரம் ஒரு முறை பத்து உருப்படியை எடுத்து அலமாரியையும் திரையையும் ஒப்பிடுங்கள். கணக்கின் நகல் ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். குறைவு வந்தால் முதலில் பில்லைப் பாருங்கள், பிறகு சரக்கைப் பாருங்கள், பிறகு மென்பொருள்காரரைக் கேளுங்கள். இவ்வளவும் பார்த்த பிறகுதான் ஒரு மனிதன் மீது கை நீட்ட வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், கூலி ஆகும். அதையும் செலவில் சேருங்கள். அந்தச் செலவைச் செய்ய முடியாதவருக்குக் கம்ப்யூட்டர் முறை கட்டுப்படியாகாது என்றே பொருள். அவர் நோட்டிலேயே நேர்மையாக எழுதட்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இளைஞர்களுக்கு

என் இளைஞர்களே! உங்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டர் தெரியும் என்று சொல்லிக்கொண்டு விற்பவர் பக்கம் நிற்காதீர்கள். உங்கள் தெருவில் உள்ள ஒரு கடைக்குப் போங்கள். ஒரு வாரம் உட்காருங்கள். சரக்கு எப்படி வருகிறது, பாக்கி எப்படி நிற்கிறது, எங்கே பணம் ஒழுகுகிறது என்று பாருங்கள். நான் சொன்ன ஐந்தாண்டுக் கணக்கை ஒரு தாளில் போட்டு முதலாளியிடம் கொடுங்கள். வாங்கலாம் என்று வந்தால் வாங்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று வந்தால் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் உங்களுக்கு வேண்டும். ஜி.எஸ்.டி. கணக்கும் மென்பொருளும் தெரிந்த, நம்பிக்கையான ஒரு பையன் ஊருக்கு ஒருவன் இருந்தால் பத்துக் கடைகள் பிழைக்கும். அவனுக்கும் கௌரவமான வருமானம் வரும்.

பெரியவர்களே! மகன் கொண்டுவரும் யோசனையைத் தட்டிவிடாதீர்கள். "கணக்குப் போட்டுக் கொண்டு வா" என்று சொல்லுங்கள். என் பெரியத்தா கேட்ட அந்தக் கேள்வியையும் மறக்காமல் கேளுங்கள்: "தம்பி, இதையெல்லாம் உள்ளே ஏற்றுவது யார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த பிறகு வாங்குங்கள். உங்கள் பணமும் தப்பும், உங்கள் கடையில் வேலை பார்க்கும் பையனின் மானமும் தப்பும்.